மஞ்சளுக்கே மஞ்சள் பூசிய கதை

கொல்லிமலையின் அடிவாரச் சமவெளியில், நாமக்கல் மாவட்டத்தில் அமைந்த பேரூர் எருமப்பட்டி. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லமொன்றிற்கு விருந்தினராகச் சென்றிருந்த நாம், வெல்லம் வாங்குவதற்காக அவ்வூர்க் கடைத்தெருவிற்குப் போனோம். கடைக்காரர் இரு கூடைகளில் வெல்லத்தைக் குவித்து வைத்திருந்தார். ஒன்று கரும்பழுப்பு, பார்வைக்குக் காய்ந்த சேற்றுக் கட்டியைப் போலிருந்தது. மற்றொன்று பொன் மஞ்சள், கண்ணைப் பறித்தது. நமக்கு முன்னே நின்ற நால்வரும் இரண்டாவதையே கேட்டு வாங்கினர். விலை சற்றுக் கூடுதல் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. நாமும் அதையே வாங்கிக்கொண்டு பெருமிதத்தோடு வீடு திரும்பினோம்.

வீட்டிலிருந்த மூதாட்டி ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார், நாவிலிட்டுப் பார்த்தார். பிறகு நம்மை ஏறிட்டு நோக்கி, "ஏன் தம்பி, வெல்லம் வாங்கிட்டு வான்னு சொன்னா, நிறத்தை வாங்கிட்டு வந்திருக்கியே!" என்றார்.

எழுத்தறியாத அந்த மூதாட்டி சொன்ன ஒரு வரியில் ஒரு நெடிய வரலாறே அடங்கியிருக்கிறது. உணவை நாவால் அறிந்த மனிதன் அதைக் கண்ணால் விலை பேசத் தொடங்கியது எப்போது? அந்தக் கண்ணை ஏமாற்றும் கலை எப்படி வளர்ந்தது? அதைத் தடுக்கச் சட்டங்கள் பிறந்த பின்னும் அக்கலை ஏன் சாகவில்லை? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரக் குவியல்

மதீனத்து அங்காடியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை நம்மில் அறியாதவர் குறைவு. தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனுள் தம் கரத்தை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டதாக உரியவர் கூறினார். அப்படியாயின் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய அண்ணலார், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற இந்த ஹதீஸை நாம் நேர்மையான வாணிகத்திற்குச் சான்றாக எடுத்துச் சொல்வது வழக்கம். அதில் வேறொரு நுட்பமும் உண்டு. நனைந்த தானியத்தை விற்பதை அவர்கள் குற்றமென்று சொல்லவில்லை. வாங்குவோரின் கண்ணுக்கு ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுத்ததே குற்றமாயிற்று.

இந்த நெறியே பிற்கால முஸ்லிம் நகரங்களில் 'ஹிஸ்பா' என்னும் அங்காடிக் கண்காணிப்பு முறையாக வளர்ந்தது. முஹ்தஸிப் என்ற அலுவலர் எடைகளைச் சோதித்தார். பண்டங்களின் தூய்மையைப் பார்த்தார். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, 1329இல் மறைந்த எகிப்து நாட்டு இப்னுல் உகுவ்வா ஆகியோர் முஹ்தஸிபுகளுக்கான கையேடுகளையே எழுதி வைத்தனர். எந்த வணிகர் எப்பொருளில் எதைக் கலப்பார், அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை அவை தொழில்வாரியாக விளக்குகின்றன. அவற்றில் பேசப்படும் பண்டங்களுள் குங்குமப்பூவும் ஒன்று. காரணம் வெளிப்படை. பண்டங்களுள் விலையுயர்ந்ததும், பெரிதும் நிறத்தைக் கொண்டே மதிக்கப்பட்டதும் அதுதான். ஐரோப்பாவிலும் இதே நிலை இருந்தது. ஜெர்மானிய நகரமான நியூரம்பர்க்கில் 1444ஆம் ஆண்டு குங்குமப்பூவில் கலப்படம் செய்த ஒருவரை அச்சரக்கோடு சேர்த்தே எரித்தனர். நிறம் விலையானால் பொய்யும் விலைபோகும் என்பதை உலகம் அன்றே அறிந்திருந்தது.

யார் குற்றவாளி?

1820ஆம் ஆண்டு இலண்டனில் பிரெடெரிக் அக்கம் என்ற வேதியியலாளர் உணவுக் கலப்படத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குழந்தைகளின் மிட்டாய்களில் ஈயச் செந்தூரமும் செம்புச் சேர்மங்களும் நிறத்துக்காகக் கலக்கப்படுவதை அவர் அம்பலப்படுத்தினார். அந்நூலில் வரும் ஒரு நிகழ்ச்சி இன்றும் நம்மைச் சிந்திக்க வைப்பது.

ஒருவர் விடுதியொன்றில் பாலாடைக்கட்டி உண்ட பின் கடும் வயிற்றுவலியால் துடித்தார். ஆராய்ந்தபோது அதில் ஈயம் இருந்தது. பாலாடைக்கட்டி செய்தவர் ஈயம் சேர்க்கவில்லை. வழக்கம்போல் அனாட்டோ என்னும் விதைச்சாயத்தைத்தான் நிறத்துக்காகச் சேர்த்திருந்தார். அச்சாயத்தை விற்றவரும் ஈயம் சேர்க்கவில்லை; சரக்கு வெளிறியிருந்ததால் இரசச் செந்தூரத்தைச் சற்றே கலந்திருந்தார். அந்தச் செந்தூரத்தை விற்றவரோ, இது சுவருக்குப் பூசும் வண்ணத்துக்குத்தானே போகிறது என்றெண்ணி அதில் ஈயச் செந்தூரத்தைக் கலந்திருந்தார். மூவரும் நஞ்சூட்ட நினைத்தவரல்லர். மூவரும் நிறத்தைச் சற்றே கூட்ட நினைத்தவர்கள். மூவரின் 'சற்றே'யும் சேர்ந்து நான்காமவரின் குடலை அறுத்தது.

இத்தகைய வெளிப்பாடுகளின் பயனாக 1860இல் பிரிட்டனில் முதல் கலப்படத் தடைச்சட்டம் வந்தது. 1875இல் அதனினும் வலுவான சட்டம் பிறந்தது. ஆனால் சட்டம் பழைய நஞ்சைத் துரத்திக்கொண்டிருந்த வேளையில், புதிய சாயமொன்று பின்வாசல் வழியே அடுக்களைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

கரித்தாரிலிருந்து பிறந்த வண்ணங்கள்

1856ஆம் ஆண்டு. இலண்டனில் பதினெட்டே வயதான வில்லியம் பெர்க்கின் என்ற மாணவர், மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றார். நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்கும் வாயுவைப் பிரித்த பின் எஞ்சும் கருங்குழம்பான தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு சோதனை செய்தார். மருந்து கிடைக்கவில்லை, பட்டில் பற்றி நிற்கும் ஊதா நிறச் சாயம் கிடைத்தது. அது பெருந்தொழிலாயிற்று. அடுத்த நாற்பது ஆண்டுகளில் தாரிலிருந்து எல்லா நிறங்களும் பிறந்தன. 1897இல் ஜெர்மானிய நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை அவுரி நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டு அவுரி வயல்கள் அதன் பின் பாழ்பட்டதை வரலாறு அறிந்தோர் அறிவர்.

ஆடைக்காகப் பிறந்த இச்சாயங்கள் வெகு விரைவில் உணவுக்கும் வந்தன. அதற்கு மூன்று காரணங்கள். அவை மலிவு, மிகக் குறைந்த அளவே போதும், வெப்பத்திலும் வெயிலிலும் எளிதில் மங்கா. பீட்ரூட்டின் சிவப்பு அடுப்பில் வெளுக்கும். கீரையின் பச்சை நாழிகையில் பழுப்பாகும். தார்ச் சாயமோ அப்படியே நிற்கும். கெட்டுப்போன சரக்கையும் புதிதுபோல் காட்டும்.

அமெரிக்காவில் 1906இல் தூய உணவுச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு, எண்ணற்ற சாயங்களுள் ஏழே ஏழு மட்டும் உணவுக்கு ஏற்றவை என்று அரசு அறிவித்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த அனுமதிப் பட்டியலின் வரலாறு ஓர் அடக்கமான பாடத்தைக் கற்பிக்கிறது. வெண்ணெய்க்கு நிறமூட்டப் பயன்பட்ட மஞ்சள் சாயம் எலிகளின் ஈரலில் புற்று உண்டாக்குவதை 1930களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். 1950இல் ஆரஞ்சு நிற மிட்டாய் தின்ற அமெரிக்கக் குழந்தைகள் நோயுற்றனர். அமராந்த் என்ற சிவப்பு, 1976இல் அங்கே தடை செய்யப்பட்டது. எரித்ரோசின் என்ற சிவப்புக்கு உணவில் அளித்திருந்த அனுமதியை 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு திரும்பப் பெற்றது. நேற்று 'தீங்கற்றது' எனப்பட்டது இன்று விலக்கப்பட்டது. இன்றைய பட்டியலைப் பார்த்து அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. ஆயினும், தேவையற்ற ஒன்றை நம் குழந்தையின் தட்டில் சேர்க்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது அறிவுடைமை.

நம் சமவெளியின் மூன்று நிறங்கள்

உலகத்துக் கதை இருக்கட்டும். எருமப்பட்டியைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளிக்குத் திரும்புவோம். இம்மண்ணின் மூன்று விளைபொருள்கள் நம் அடுக்களைகள் எங்கும் நிறைந்திருக்கின்றன: மஞ்சள், வெல்லம், ஜவ்வரிசி. மூன்றுக்கும் விலை வைப்பதில் நிறம் முன்னிற்கிறது. ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்குப் பொன், ஒன்றுக்கு வெள்ளை.

முதலில் மஞ்சளை எடுத்துக்கொள்வோம். நம் மொழியில் ஒரு நிறத்துக்கே தன் பெயரைத் தந்த பொருள் அது. ஈரோட்டைப் போலவே சேலமும் மஞ்சளுக்குப் பெயர் பெற்றது. நாமகிரிப்பேட்டை ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று தரம் பிரித்து விற்பனை நடக்கிறது. தோண்டி எடுத்த கிழங்கை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, உருளையிலிட்டு மெருகேற்றுவர். மெருகேற்றும்போது மஞ்சள் தூளையே நீரில் கரைத்துத் தெளிப்பது பழைய வழக்கம். இதில் தவறில்லை. ஆனால் மழையில் நனைந்ததும் வண்டு துளைத்ததும் வெளிறியதுமான கிழங்குக்கு இந்த மெருகு போதாது. அங்கேதான் ஈயக் குரோமேட் என்னும் பெயின்ட் மஞ்சள் வாணிகத்துக்குள் புகுந்தது. மஞ்சளின் தரத்தை வகுத்த நம் நாட்டு விதிகள், ஈயக் குரோமேட் இருக்கலாகாது என்று தனியாகவே எழுதவேண்டி வந்தது. பொடியாக அரைத்து விற்கும்போதோ, துணிக்கும் தோலுக்கும் ஏற்றும் மெட்டானில் மஞ்சள் என்னும் சாயம் கைகொடுத்தது. இலக்னோவில் 1965இல் தொடங்கிய தொழில் நச்சியல் ஆய்வு நிலையத்தார் நம் சந்தை உணவுகளை ஆராய்ந்தபோது, அனுமதியற்ற சாயங்களுள் இதனையே அடிக்கடி கண்டனர். மஞ்சளுக்கே மஞ்சள் பூசிய காலமிது!

இரண்டாவது வெல்லம். பரமத்திவேலூர், கபிலர்மலை வட்டாரத்துக் கரும்பும் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையும் நம் மாவட்டத்தின் பெருமைகள். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பு நீரும், வெண்டைச் செடியின் வழவழப்பான சாறும் விட்டு அழுக்கை நுரையாக எடுப்பது முன்னோர் கண்ட முறை. அப்படிக் காய்ச்சிய வெல்லம் பழுப்பாகத்தான் இருக்கும். அது கரும்பின் இயல்பு. பொன்னிறம் வேண்டுமென்று சந்தை கேட்டபோது, சோடியம் ஹைட்ரோசல்பைட் என்ற வெளுப்பான் வந்தது. ஆலைக் கொட்டகைகளில் அதன் பெயர் 'ஹைட்ரோஸ்'. அது விட்டுச்செல்லும் கந்தக டை ஆக்சைடு பத்து இலட்சம் பங்கில் 70 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. அதுவும் போதாதபோது அஸ்காச் சர்க்கரையும் சாயமும் சேர்ந்தன. உணவுப் பாதுகாப்புத் துறையினர் இவ்வட்டாரக் கொட்டகைகளில் சோதனையிட்டு இவற்றைப் பறிமுதல் செய்த செய்திகளை, குறிப்பாகப் பொங்கலை ஒட்டிய நாள்களில், நாம் படித்துவருகிறோம். இந்தப் பொன்னிறமும் நிலைப்பதில்லை. சில திங்கள் சென்றால் வெல்லம் தன் பழைய பழுப்புக்கே திரும்பிவிடுகிறது.

மூன்றாவது ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் மலேயா ஜப்பானியர் வசமான பின் அங்கிருந்து வந்த ஜவ்வரிசி நின்றது. 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கில் தொழில்நுட்பம் அறிந்திருந்த போபட்லால் ஷாவின் துணையோடு, மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார். போரின் பற்றாக்குறையில் பிறந்த தொழில் இச்சமவெளிக்கு வாழ்வளித்தது. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு உருவாயிற்று. கிழங்கின் தோலை முழுதும் உரித்து, அரைத்த பாலைத் தொட்டிகளில் பொறுமையாகத் தெளியவைத்தால் கிடைப்பது மங்கலான இயற்கை வெண்மை. தோலுடன் அரைத்தால் மாவு கறுக்கும். அந்தக் கறுப்பை மறைக்கவே வெளுப்பான்களும் அமிலங்களும் தொட்டிக்குள் கொட்டப்பட்டன. வடநாட்டு வாணிகர் 'பளீர் வெள்ளை' கேட்டார்கள் என்பது ஆலைகள் சொன்ன காரணம். வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புவோர் இருக்கும்வரை, வெளுத்துத் தருவோரும் இருப்பர். அதே ஜவ்வரிசியில் வீட்டுப் பெண்கள் வடகம் பிழிந்த காலம் போய், குங்குமச் சிவப்பும் கிளிப்பச்சையுமாகப் பொரித்த குழல்கள் பள்ளி வாசல்களில் தொங்கும் காலமும் வந்தது.

நாமக்கல்லின் கோழி முட்டையிலும் இதே கண் வேலை செய்கிறது. முட்டை ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. கருவின் மஞ்சள் அது தின்ற தீனியைப் பொறுத்தது. ஆயினும் பழுப்பு ஓடென்றால் சத்து மிகுதி என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்போர் பலர்.

மழையில் நனைந்த இன்னொரு குவியல்

இக்கட்டத்தில் அண்டை நாடான வங்கதேசத்தின் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே கருவுற்ற தாய்மாரின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள் அதன் ஊற்றைத் தேடினர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் டாக்காவின் ஆய்வு நிலையத்தாரும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு, மஞ்சளைச் சுட்டியது. மெருகேற்றும் ஆலைகளில் ஈயக் குரோமேட் கலந்திருந்தனர். இவ்வழக்கம் எப்போது தொடங்கியது என்று விசாரித்தபோது கிடைத்த விடை வியப்பானது. 1980களில் பெருவெள்ளம் ஒன்றில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்கவேண்டித் தொடங்கியதாம்!

மதீனத்து அங்காடியின் ஈரக் குவியல் நம் நினைவுக்கு வருகிறதன்றோ? அங்கே மழை, இங்கே வெள்ளம். அங்கே உலர்ந்த மேற்பரப்பு; இங்கே ஈயப் பூச்சு. நனைந்ததை நனைந்ததென்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றிருந்தால் ஒரு பருவத்து நட்டத்தோடு போயிருக்கும். மறைத்ததால் ஒரு தலைமுறையின் இரத்தத்தில் கலந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தடுப்பது; போன அறிவை மீட்டுத்தர மருந்தில்லை.

ஆனால் அந்நாட்டின் கதை துயரத்தோடு முடியவில்லை. அரசு மொத்த வாணிகச் சந்தையில் சோதனையிட்டு, குற்றவாளிகளுக்குத் தண்டம் விதித்து, அதைப் பத்திரிகைகளில் பரப்பியது. வாணிகரிடமும் மக்களிடமும் எச்சரிக்கை அறிக்கைகள் சென்றன. 2019இல் ஆராய்ந்த மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே ஆண்டுகளில்! நம் நாட்டிலோ, 2024இல் வெளியான ஓர் ஆய்வு, பீகார் தலைநகர் பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கும் மேற்பட்ட ஈயத்தைக் கண்டது. நம் விதி அனுமதிக்கும் எல்லை 10தான். வங்கதேசத்தால் முடிந்தது நம்மால் முடியாததன்று.

சட்டம் சொல்வது என்ன?

நம் மாகாணத்தில் கலப்படத் தடைச்சட்டம் புதிதன்று. சென்னை மாகாணச் சட்டம் 1918இலேயே இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் 1954இல் நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச்சட்டம் நிறைவேறி, 1955 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் இடத்தில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2011 ஆகஸ்ட் முதல் செயலுக்கு வந்தன.

இவ்விதிகள் எட்டுச் செயற்கைச் சாயங்களை மட்டுமே அனுமதித்தன. மஞ்சளுக்கு டார்ட்ரசின், சன்செட் எல்லோ. சிவப்புக்குப் போன்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின். நீலத்துக்கு இண்டிகோ கார்மின், பிரில்லியண்ட் ப்ளூ. பச்சைக்கு ஃபாஸ்ட் கிரீன். இவற்றையும் ஐஸ்கிரீம், பிஸ்கட், மிட்டாய், இனிப்பு வகை போன்ற குறிப்பிட்ட சில பண்டங்களில்தான் சேர்க்கலாம். பொதுவான எல்லை பத்து இலட்சம் பங்கில் 100 பங்கு. அதாவது ஒரு கிலோ இனிப்பில் 100 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்கும் குறைவு. மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், பருப்பு, தேயிலை ஆகியவற்றில் எச்சாயத்தையும் சேர்க்கலாகாது. பிரியாணியிலும் பொரித்த கோழியிலும் அப்படியே.

அனுமதிக்கப்பட்ட சாயமும் அளவு மீறினால் ஆகாது. சிலருக்கு டார்ட்ரசினால் உடலில் தடிப்பு உண்டாகும். சில சாயங்களும் பதனப்பொருளும் சேர்ந்த பானம் அருந்திய குழந்தைகள் சிலரிடம் அமைதியின்மை கூடியதாக இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்கள் 2007இல் அறிவித்தனர். அதன்பின் 2010 முதல், அச்சாயங்கள் சேர்ந்த உணவின் மேலுறையில் எச்சரிக்கை வாசகம் இருக்கவேண்டுமென ஐரோப்பிய நாடுகள் விதித்தன. அனுமதியற்ற சாயங்களின் தீங்கோ இதனினும் பெரிது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் துணிச்சாயமான ரோடமின்-பி இருப்பது ஆய்வகத்தில் உறுதியானதும், முதலில் புதுச்சேரியும் பின் அதே மாதம் 17ஆம் நாள் தமிழ்நாடும் அதன் விற்பனையைத் தடை செய்தன. திருவிழாவிலும் கடற்கரையிலும் நாமே ஆசையோடு வாங்கித் தந்த இளஞ்சிவப்பு அது!

நம் பந்தியில் நம் பங்கு

இதுவரை வாணிகரையும் ஆலையையும் பேசினோம். இனி நம்மைப் பேசுவோம்.

'கேசரி' என்ற சொல் குங்குமப்பூவைக் குறிப்பது. அந்தப் பூ சேர்ந்த இனிப்புக்கு அப்பெயர் வந்தது. இன்று கடையில் 'கேசரிப் பவுடர்' என்று கேட்டால் கிடைப்பது தார்ச்சாயம். குங்குமப்பூவின் இடத்தை மட்டுமன்றி அதன் பெயரையும் அது எடுத்துக்கொண்டது. ஜஃப்ரான் கரைத்த பாலை மேற்சோற்றில் தெளித்துத் தம் போட்ட பிரியாணி நம் முன்னோருடையது. வசதியற்ற வீட்டில் மஞ்சளும் மிளகாயும் பொன்னிறமாக வதங்கிய வெங்காயமுமே நிறம் தந்தன. இன்று?

வலீமா விருந்தொன்றில் பண்டாரி ஒருவரை நாம் அணுகி, "ஏன் பாய், கலர் போடாமல் ஆக்க முடியாதா?" என்று கேட்டோம். அவர் கரண்டியை நிறுத்தாமலே மறுமொழி தந்தார்: "எனக்கென்ன, போடாம ஆக்குறது லேசு. முந்தி ஒரு வீட்ல அப்படித்தான் ஆக்கினேன். சோறு வெளுத்திருக்கு, மசாலாவே இல்லைன்னு பந்தியில பேசினாங்க. பெண் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போச்சு. அடுத்த தடவை அவரே பொட்டலத்தை வாங்கி என் கையில கொடுத்தார்."

அன்று பேசிய வாய்களில் நம் வாயும் ஒன்றாக இருந்திருக்கலாம். பண்டாரி போட்ட சாயத்தில் நம் கண்ணுக்கும் பங்குண்டு. எருமப்பட்டிக் கடையில் பொன்னிற வெல்லத்தைக் கைநீட்டிக் கேட்ட நாமே ஆலைக்காரரின் கொப்பரையில் ஹைட்ரோஸைக் கொட்டினோம். வாங்குவோர் பழுப்பைக் கேட்டால் விற்போர் பழுப்பையே தருவர். சட்டத்தின் கை நீளமானதுதான். ஆனால் அது ஒவ்வோர் அடுக்களைக்குள்ளும் வரமுடியாது. நம் மார்க்கம் உணவைப் பற்றிப் பேசுமிடத்தில் 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்பதையும் இணைத்தே சொல்கிறது. அனுமதிக்கப்பட்டதாய் மட்டுமன்றித் தூயதாயும் நல்லதாயும் இருக்க வேண்டும். கறியின் அறுப்பைப் பற்றி நூறு கேள்வி கேட்கும் நாம், அதன்மேல் தூவிய பொடியைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்டதுண்டா?

செய்யத்தக்கவை எளியவையே. மஞ்சளைக் கிழங்காக வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்ளலாம். கிழங்கின் மேற்பூச்சு உள்நிறத்தைவிடப் பளிச்சென்றிருந்து கையில் ஒட்டினால் அதை ஒதுக்கிவிடலாம். கடைத் தூளை ஒரு குவளை நீரில் தூவிப் பார்க்கலாம். நல்ல தூள் அடியில் தங்கி நீர் இலேசான மஞ்சளாக நிற்கும். சாயம் கலந்ததாயின் நீர் அடர்மஞ்சளாகும். மிளகாய்த் தூளைத் தூவும்போது வண்ணக்கோடுகள் நூல்போல் கீழிறங்கினால் ஐயுற வேண்டும். பச்சைப் பட்டாணியை அரைமணி நேரம் ஊறவைத்து நீர் பச்சையாகிறதா என்று நோக்கலாம். ஈயத்தை இப்படி வீட்டில் கண்டறிய இயலாது. அது ஆய்வகத்தின் வேலை. சேலத்திலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஐயமிருப்பின் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவர் உரிமை, கடமையுமாகும். நம் காலத்து முஹ்தஸிப் அவரே.

இனிப்புக்கு நிறம் வேண்டுமென்றால் பீட்ரூட் உண்டு, காரட் உண்டு, குங்குமப்பூ உண்டு. பிரியாணிக்கு நல்ல மிளகாயும் தக்காளியும் பொறுமையாக வதக்கிய வெங்காயமும் தரும் நிறத்தினும் மேலான நிறம் வேண்டுமோ? அடுத்த திருமணத்தில் பந்தி விசாரிக்கும் பெரியவர், "இன்று சோற்றில் கலர் போடவில்லை, நாங்களே வேண்டாமென்றோம்" என்று பெருமையோடு சொல்லட்டும். ஒரு ஜமாஅத்தில் நான்கு வீடுகள் அப்படிச் சொன்னால் ஐந்தாவது வீட்டுப் பண்டாரியின் பையில் அந்தப் பொட்டலம் இராது.

அண்மையில் மீண்டும் எருமப்பட்டிக்குச் சென்றோம். அந்த மூதாட்டி இப்போது இல்லை. வெல்லம் வாங்க அதே கடைத்தெருவுக்குப் போனபோது அவ்வீட்டுச் சிறுமியும் உடன் வந்தாள். கரும்பழுப்பு வெல்லத்தை நாம் கேட்டதும் கடைக்காரரே, "அது பார்க்க நல்லா இருக்காதுங்களே" என்றார். நாம் விடை தேடுமுன் அச்சிறுமி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "கண்ணுக்கா வாங்குறோம்? வாய்க்குத்தானே வாங்குறோம்!"

வாழையடி வாழையாக வந்த சொல் அது. மூதாட்டியின் நாவறிவு பேத்தியின் நாவில் உயிரோடிருக்கிறது. அது மங்காமல் காக்கும் பொறுப்பு நம்முடையது. நாவறிவு நிலைக்கும் வீடுகளில் எந்தச் சாயமும் ஒருநாள் வெளுத்தே தீரும்.